ஏ40 அங்கீகாரம் பெற்ற ஆயிலா, பந்தய ஆயிலா? கேமன் எஸ் காருக்கு எதைத் தேர்வது?

வளைவுப்பாதை எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 987 தலைமுறையின் பிற்பகுதியில் வந்த போர்ஷே கேமன் எஸ். ஆறு சிலிண்டர், 3.4 லிட்டர், பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. ஆயிலைப் பற்றிக் கையேடு சொல்வது மிகவும் சுருக்கமானது: போர்ஷே ஏ40 அங்கீகாரம் பெற்ற 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40. இதுவரை அதைத்தான் ஊற்றி வருகிறேன்.

வாரநாள்களில் சாதாரண ஓட்டம்தான்; அவ்வப்போது பந்தயத்தடத்துக்குக் கொண்டுபோவதுண்டு. தனியாகப் பொருத்தியுள்ள வெப்பமானியில், தடத்தில் சில சுற்றுகள் போனதும் ஆயிலின் வெப்பம் 125 டிகிரியைத் தொடுவதைப் பார்க்கிறேன். அங்கே பழக்கமான ஒருவர், எஸ்டர் என்ற செயற்கை எண்ணெய் கலந்த 15டபிள்யூ-50 பந்தய ஆயிலுக்கு மாறச் சொல்கிறார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க லேபிளின் அடியில், பொடி எழுத்தில், "போர்ஷே ஏ40 கேட்கப்படும் இடங்களுக்கும் ஏற்றது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த வரியை அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொள்ள முடியாது என்றால், அங்கீகாரம் இல்லாத ஆயிலை ஊற்றுவதால் இன்ஜினுக்கு உண்மையிலேயே என்ன குறைந்துவிடும்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கலவைக்கூடம் எழுதியது:

ஆயில் கலவைகளை உருவாக்கும் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்: எடுத்துக்கொள்ள முடியாது. "ஏற்றது", "பரிந்துரைக்கப்படுகிறது", "தேவைகளை நிறைவு செய்கிறது" என்பவை எல்லாம் ஆயில் விற்பவர் தம் சரக்கைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்பவை. அங்கீகாரம் என்பது கார் நிறுவனம் தன் கையெழுத்தோடு கொடுக்கும் கடிதம். அது ஒரு குறிப்பிட்ட பெயரில், ஒரு குறிப்பிட்ட கிரேடில், ஒரு குறிப்பிட்ட கலவைக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. ஆகவே ஒரே பிராண்டின் 0டபிள்யூ-40 அங்கீகாரம் பெற்றிருப்பதால் அதன் 15டபிள்யூ-50க்கும் அது இருக்கிறது என்று கொள்ள முடியாது. தவிர, உங்கள் கையேடே இரண்டு கிரேடுகளை மட்டும் குறிப்பிடும்போது, மூன்றாவதொரு கிரேடின் மேல் ஏ40 என்று எழுதியிருப்பதைப் பார்த்த உடனேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

லேபிளில் மூன்று வகைத் தகவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். 0டபிள்யூ-40 போன்ற எஸ்ஏஇ கிரேடு தடிமனைத் தவிர (முதல் எண் குளிரில், இரண்டாவது எண் சூட்டில்) வேறெதையும் சொல்வதில்லை, அதையும் தோராயமாகத்தான் சொல்கிறது. 100 டிகிரியில், தடிமனை அளக்கும் அலகில் 12.5 சென்டிஸ்டோக்கிலிருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள் எங்கே நின்றாலும் அது "40"தான், 12.6 இருக்கும் ஆயிலும் 16.2 இருக்கும் ஆயிலும் ஒரே எண்ணைச் சுமந்து கடை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அடுத்தது ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியத் துறை அமைப்பு), ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கம்) போன்றவற்றின் தொழில்துறை வகைப்பாடுகள். இவற்றில் ஏபிஐ உரிமம் கொடுத்து, கடைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கவும் செய்கிறது. ஏசிஇஏ யாருக்கும் சான்று வழங்குவதில்லை. விதிக்கப்பட்ட சோதனைகளைச் செய்துவிட்டு "ஏ3/பி4" என்று ஆயில் நிறுவனமே அறிவித்துக்கொள்கிறது. மூன்றாவதாக வருவதுதான் கார் நிறுவனங்களின் சொந்த அங்கீகாரம்: போர்ஷே ஏ40, மெர்சிடிஸ் 229.5, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01, ஜிஎம் டெக்சோஸ் என்று இது நீளும்.

இந்த மூன்றாவது அடுக்கு பெரும்பாலும் இரண்டாவதன் மேல் கட்டப்படுவது. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எவ்வளவு ஆயில் ஆவியாகிப் போகிறது என்று பார்க்கும் நோவாக் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ3/பி4 வகைக்கு 13 சதவீதம் வரை அனுமதி உண்டு, மெர்சிடிஸ் 229.5க்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏ40க்கு வந்தால், போர்ஷே இன்ஜினையே சோதனை மேடையில் ஏற்றி, சுமார் 200 மணி நேரம், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தடச் சுற்றுகளைப் போன்ற கடும் ஓட்டமும் குளிர்நிலைத் தொடக்கங்களும் கலந்து ஓட்டுகிறார்கள். பிறகு இன்ஜினைப் பிரித்துத் தேய்மானத்தையும் பிஸ்டனில் படிந்த கசடையும் பார்ப்பதோடு, வெளியே எடுத்த ஆயில் தன் தடிமனை எவ்வளவு காப்பாற்றிக்கொண்டது என்பதையும் அளக்கிறார்கள். உங்கள் கார் தடத்தில் படும் பாட்டை, அந்தச் சோதனை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கிறது.

நேர்வரிசை ஆறு எழுதியது:

மேலே எழுதியவரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் அங்கீகாரத்தைப் பொறியியலின் இறுதித் தீர்ப்பாகக் காட்டுவதை ஏற்க என்னால் முடியவில்லை. அதில் பாதி வணிகம். ஒரு கார் நிறுவனத்துக்கும் ஓர் ஆயில் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருக்கும் வரை இன்ஜின் மூடியில் ஒரு பெயர் இருக்கும். ஒப்பந்தம் கைமாறினால் பெயரும் மாறிவிடும். இன்ஜின் என்னவோ அதே இன்ஜின்தான். டெக்சோஸ் முத்திரையை 2011 மாடல்களோடு ஜிஎம் கொண்டுவந்தபோது, அதை அச்சிட ஆயில் நிறுவனங்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று வைத்ததை எல்லாரும் அறிவோம்.

நான் வைத்திருப்பது பிஎம்டபிள்யூ இ46 எம்3. அதன் எஸ்54 இன்ஜினுக்குக் கேட்கப்படுவது 10டபிள்யூ-60. அதே காலத்தில் அதே நிறுவனத்தின் சாதாரண ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் 5டபிள்யூ-30 ஓடிக்கொண்டிருந்தது. சுழற்சி 8,000 வரை ஏறும் இன்ஜினில் கனெக்டிங் ராடு பேரிங்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை வந்தபோது, நிறுவனமே தன் பொது விதியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தடித்த ஆயிலின் பக்கம் போனது. தடத்தில் ஓட்டுபவருக்கும் அதே தர்க்கம் பொருந்தாதா? இன்னொன்றையும் கேட்கிறேன். பந்தய அணிகள் நம்பி ஊற்றும் எஸ்டர் ஆயில்களில் மிகப் பலவற்றின் லேபிளில் ஓர் அங்கீகாரம்கூட இருப்பதில்லையே, அவை எல்லாம் தரம் குறைந்தவையா?

கலவைக்கூடம் எழுதியது:

தரம் குறைந்தவை அல்ல. வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை. வணிகம் கலந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. இன்ஜின் சோதனைகளுக்கு ஆகும் செலவு பெரிது. சிறிய நிறுவனம் ஒன்று நல்ல ஆயிலைச் செய்தும், அந்தச் செலவைத் தாங்க முடியாமல் கடிதம் வாங்காமலே இருந்துவிடலாம். அங்கீகாரம் கிடைத்த பிறகு கலவையை நினைத்தபடி மாற்ற முடியாது என்பதும் சிலரைத் தயங்க வைக்கும். ஆனால் பந்தய ஆயில்கள் அங்கீகாரம் வாங்காததற்கு இவற்றைவிட அடிப்படையான காரணம் அவற்றின் வேதியியலில் இருக்கிறது.

உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் காவலாக நிற்பது துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஜிங்க் சேர்க்கைப் பொருள். பந்தய ஆயிலில் அதைத் தாராளமாகப் போடுவார்கள். தேய்மானம் குறையும், ஆனால் எரிந்து வெளியேறும் பாஸ்பரஸ் புகைபோக்கியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை நாளடைவில் செயலிழக்கச் செய்யும். அதனால்தான் ஏபிஐயின் 30 வரையிலான மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரசுக்கு 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) என்ற உச்சவரம்பு இருக்கிறது. உங்களைப் போன்றவர்களின் கார்களுக்கான 40 கிரேடு ஏ3/பி4 ஆயில்கள் அந்த வரம்புக்குள் வராததால், கொஞ்சம் கூடுதல் பாஸ்பரசோடு நடுவழியில் போகின்றன. பந்தய ஆயிலுக்கு இந்தக் கவலையே கிடையாது, ஏனென்றால் அதன் வாடிக்கையாளரின் காரில் பல நேரம் கன்வெர்ட்டரே இருக்காது.

அதைவிட முக்கியமானது ஆயுள். பந்தயத்துக்கான ஆயிலைச் சில நிகழ்வுகள் முடிந்ததும் வடித்துவிடுவார்கள் என்ற எண்ணத்தில்தான் கலக்கிறோம். கசடைக் கழுவும் பொருள்களும், எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிக்கும் காரத்தன்மையும் அதில் நீண்ட காலத்துக்குப் போதுமான அளவில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதே ஆயிலை ஊற்றி, வாரநாள்களில் கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்குமாகக் குறுந்தூரம் ஓட்டி, பெட்ரோலும் நீராவியும் கலந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால், தடத்தில் சிங்கமாக இருந்த ஆயில், இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் சேறாகிவிடும்.

எஸ்54 பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த 10டபிள்யூ-60ஐத் தேர்ந்தவர்கள் அந்த இன்ஜினைச் செய்தவர்களே. உங்கள் எடுத்துக்காட்டு அங்கீகாரத்தை மீறச் சொல்லவில்லை. இன்ஜினுக்கு இன்ஜின் தேவை மாறும் என்பதைத்தான் காட்டுகிறது.

பாஸ்302 எழுதியது:

இந்த இடத்தில் ஃபோர்டு மஸ்டாங்கின் கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். 2012ஆம் ஆண்டு மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் வி8க்கு அமெரிக்கக் கையேட்டில் 5டபிள்யூ-20. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜின், மஸ்டாங்கின் தட வகையான என் பாஸ் 302இல் 5டபிள்யூ-50 கேட்கிறது. பின்னர் ஜிடியை டிராக் பேக் என்ற தொகுப்போடு வாங்கியவர்களுக்கும் 5டபிள்யூ-50தான். ஜிடியைப் பொறுத்தவரை இரும்பும் அலுமினியமும் ஒன்றுதான். எதிர்பார்க்கப்படும் ஓட்டம்தான் வேறு. மெல்லிய ஆயிலால் எரிபொருள் மிச்சமாகிறது, அது அரசின் மைலேஜ் கணக்கில் நிறுவனத்துக்கு உதவுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இதில் நேர்வரிசை ஆறு ஐயாவின் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து.

ஜிஎம்மின் கார்வெட் இன்னும் ஒரு படி மேலே போனது. சி7 தலைமுறைக்கு அன்றாடத்துக்கு 5டபிள்யூ-30 என்று சொன்ன கையேடே, தடத்தில் ஓட்டுவதற்கு முன் 15டபிள்யூ-50க்கு மாற்றி, முடிந்ததும் பழையதற்கே திரும்பச் சொன்னது. யாருக்குத்தான் அந்தப் பொறுமை இருக்கும்? 2019 மாடலில் இரண்டுக்கும் பொதுவாக 0டபிள்யூ-40 என்று தீர்த்துவிட்டார்கள். அதன் பிறகு அந்த வேலைக்கென்றே டெக்சோஸ்-ஆர் என்ற தனி அங்கீகாரமும் வந்தது.

கலவைக்கூடம் எழுதியது:

கார்வெட்டின் எடுத்துக்காட்டுக்கு நன்றி. கேமன் நண்பர் கவனிக்க வேண்டியது அதைத்தான். அங்கே அன்றாட ஆயில் 30 கிரேடாக இருந்ததால்தான் தடத்துக்கு வேறொன்று தேவைப்பட்டது. நல்ல 0டபிள்யூ-40 வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. போர்ஷேக்காரர்கள் அன்றாடத்துக்கே 40 கிரேடைக் கேட்டதால், அந்தச் சிக்கல் ஏ40க்குள்ளேயே தீர்ந்திருக்கிறது.

125 டிகிரியைப் பற்றி ஒரு சொல். 100 டிகிரியில் ஒரு 30 கிரேடு ஆயிலுக்கு இருக்கும் தடிமன், 120 டிகிரியில் 40 கிரேடு ஆயிலுக்கு இருக்காது. வெப்பம் அவ்வளவு வேகமாக மெலியச் செய்யும். ஆகையால் கிரேடு எண்ணைப் பார்த்துத் தேர்வதைவிட, எச்டிஎச்எஸ் என்ற எண்ணைத் தரவுத்தாளில் தேடிப் பாருங்கள். 150 டிகிரி வெப்பத்தில், பேரிங்குக்குள் நடப்பதைப் போன்ற கடும் நறுக்கலுக்கு ஆளாகும்போது ஆயில் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. ஏ40 ஆயிலில் இது 3.5 மில்லிபாஸ்கல் நொடிக்குக் குறையக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், எஸ்ஏஇ விதிப்படி 50 கிரேடுக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சமே 3.7தான். எனவே டப்பாவில் 50 என்று போட்டிருப்பதால் மட்டும் பேரிங்குக்குப் பெரிய கூடுதல் காவல் கிடைத்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல 50 ஆயில்கள் 4ஐத் தாண்டி நிற்கும் என்பது உண்மை, அதையும் தரவுத்தாளைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையே இடைவெளி கூடக் கூட, அதை எட்டுவதற்கு நீள்மூலக்கூறுப் பாலிமரை அதிகம் சேர்க்க நேரிடும். பல்சக்கரமும் சங்கிலியும் அந்த மூலக்கூறுகளை வெட்டிக்கொண்டே போவதால், மலிவான 5டபிள்யூ-50 ஒன்று சில தட நிகழ்வுகளிலேயே 40 ஆக இறங்கிவிடலாம். எஸ்டர் கலந்த 15டபிள்யூ-50இல் பாலிமர் குறைவாகவே தேவைப்படும் என்பது அதன் உண்மையான பலம்; உங்கள் நண்பர் அதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். பதிலுக்கு, காலையில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் அது மெதுவாகத்தான் ஓடும். உங்கள் இன்ஜினில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியோகேம் அமைப்பு ஆயில் அழுத்தத்தால் இயங்குவது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தடப்பணிமனை எழுதியது:

தட நாள்களில் கார்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். இங்கே எல்லாரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பிரித்துப் பார்த்த பேரிங்குகளில் பெரும்பாலானவை கெட்டது ஆயிலின் தரத்தால் அல்ல. ஆயில் போய்ச் சேராததால். நீண்ட வளைவில் பிடிமானம் மிக்க டயரோடு திரும்பும்போது சம்ப்பில் உள்ள ஆயில் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்துவிட்டால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். அந்த நொடியில் 0டபிள்யூ-40 ஆனாலும் 10டபிள்யூ-60 ஆனாலும் பேரிங்குக்குப் போவது நுரைதான். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால், செம்பும் ஈயமும் கலந்த மினுமினுப்பு நீரில் கரைத்த வெள்ளிப் பொடி போல மிதக்கும். அதைப் பார்த்த பிறகு எந்த ஆயிலை ஊற்றியும் பயனில்லை.

எனவே தடத்துக்குப் போகும் முன் ஆயிலின் அளவை மேல் கோட்டுக்கு அருகில் வைத்திருங்கள், அதைத் தாண்டியும் ஊற்ற வேண்டாம். தாண்டினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். வெப்பம் 125ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், கிரேடைக் கூட்டுவதற்கு முன் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் முகப்பில் சருகும் டயர்த் துணுக்கும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். தேவைப்பட்டால் பெரிய கூலர் போடுங்கள். தடித்த ஆயில் வெப்பத்தைக் குறைப்பதில்லை. உள்ளுராய்வு கூடுவதால் சற்றே ஏற்றவும் செய்யும். ஏழெட்டு சுற்றுக்கு ஒரு முறை மெதுவாக ஒரு சுற்று போய்வருவதற்குச் செலவே இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நேர்வரிசை ஆறு எழுதியது:

பணிமனைக்காரர் சொன்னதற்கு மறுப்பு இல்லை. கலவைக்கூடம் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: அங்கீகாரம் உள்ள ஆயில் என்று ஒருவர் நம்பி வாங்குவதை எப்படிச் சரிபார்ப்பது? லேபிளில் யார் வேண்டுமானாலும் எதையும் அச்சிடலாம் அல்லவா?

கலவைக்கூடம் எழுதியது:

கார் நிறுவனத்தின் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும். மெர்சிடிஸ் தன் அங்கீகாரப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது, 229.5 என்ற தாளைத் திறந்தால் பெயரும் கிரேடும் வரிசையாக இருக்கும். டெக்சோஸ் ஆயில்களில் உரிம எண் டப்பாவிலேயே இருக்கும், அதை ஜிஎம்மின் தளத்தில் தேடலாம். போர்ஷேக்கும் பட்டியல் உண்டு. பட்டியலில் உள்ள பெயரும் டப்பாவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே பிராண்டில் பின்னொட்டு மட்டும் மாறிய நான்கு ஆயில்கள் இருக்கும். நான்கும் வெவ்வேறு கலவைகள்.

புதியவன்718 எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் கார் சில ஆண்டுகளுக்கு முன் வந்த போர்ஷே 718. பெட்ரோல் துகள் வடிகட்டி உள்ளது. நானும் ஏ40 ஊற்றலாமா?

கலவைக்கூடம் எழுதியது:

ஊற்ற வேண்டாம். வடிகட்டி உள்ள பெட்ரோல் இன்ஜின்களுக்காக வந்தது சி40 என்ற போர்ஷே அங்கீகாரம். ஏ40 ஆயில்களில் எரிந்த பின் மிஞ்சும் சாம்பல் அதிகம். அது வடிகட்டியில் தங்கிவிடும், புகைக்கரியைப் போல எரிந்து போகாது. இரண்டிலும் 0டபிள்யூ-40 என்றே இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் கையேட்டில் உள்ள குறியீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

வளைவுப்பாதை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நிறுவனத்தின் பட்டியலில் தேடிப் பார்த்தேன். அந்த 15டபிள்யூ-50 அதில் இல்லை, அதே பிராண்டின் 5டபிள்யூ-40 ஒன்று இருக்கிறது. அதன் எச்டிஎச்எஸ் 3.8 என்று தரவுத்தாள் சொல்கிறது. ஆகையால் அதையே ஊற்றி, மாற்றும் இடைவெளியைக் கையேடு சொல்வதில் பாதியாகக் குறைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். கூலரின் முகப்பையும் திறந்து பார்க்கப் போகிறேன். ஆயில் தன் தடிமனைக் காப்பாற்றிக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ள, வடிக்கும்போது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று எண்ணுகிறேன். எப்படி எடுப்பது சரி?

தடப்பணிமனை எழுதியது:

நன்றாக ஓட்டிச் சூடாக்கிய பிறகு எடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் நீரும் துகள்களும் அடியில் தங்கியிருக்கும். டிரைன் பிளக்கைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். முதலில் பாய்வதைப் போகவிட்டு, நடுத்தாரையில் சுத்தமான புட்டியைப் பிடியுங்கள். கடைசிச் சொட்டுகள் வேண்டாம். அறிக்கையில் முதலில் 100 டிகிரி தடிமனையும் எரிபொருள் கலப்பின் அளவையும் சேர்த்துப் படியுங்கள். தடிமன் இறங்கி, பெட்ரோலும் கலந்திருந்தால் குற்றம் குறுந்தூர ஓட்டத்தின் மேல்; பெட்ரோல் இல்லாமலே இறங்கியிருந்தால் பாலிமர் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். சிலிக்கன் கூடியிருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். செம்பு, ஈயம், இரும்பு ஆகியவற்றை ஒரே அறிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அடுத்த முறையும் அதே ஆயிலை ஊற்றி, அதே தூரத்தில் எடுத்த மாதிரியோடு ஒப்பிட்ட பிறகு இங்கே பதிவிடுங்கள்.